மாதச் சம்பளத்தில் ஆண்டுச் செலவுகளைச் சமாளிப்பது எப்படி?

சிக்கனம் என்றதும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் கைவைப்பது காய்கறிச் செலவிலும் பால் கணக்கிலும்தான். மாதச் சம்பளக்காரர்களைக் கடனில் தள்ளுபவையோ ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளி, முகூர்த்த மாதங்களில் வரிசையாக வரும் மொய், காப்பீட்டுத் தவணை போன்ற, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வரும் செலவுகள். இவற்றில் எதுவும் சொல்லாமல் வருவதில்லை. வரும் மாதம் முன்கூட்டியே தெரிந்த செலவுக்குக் கடன் வாங்குவதை நிறுத்துவதுதான் ஒரு குடும்பம் செய்யக்கூடிய ஆகப்பெரிய சிக்கனம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதந்தோறும் வராத செலவுகளை மட்டும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, 28,000 ரூபாய் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் 24,000, நோட்டு, சீருடை, காலணிக்கு 6,000, தீபாவளிக்கு 12,000, பொங்கலுக்கு 4,000, இருசக்கர வாகனத்தின் காப்பீடும் பராமரிப்பும் 4,500, இரண்டு அரையாண்டுச் சொத்து வரி 2,400, ஆயுள் காப்பீட்டுத் தவணைகள் 10,000, மொய் 12,000, குலதெய்வக் கோயிலுக்குச் சென்று வர 3,100. மொத்தம் 78,000 ரூபாய். இதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,500 ரூபாய் வருகிறது. ஆக, அந்தக் குடும்பத்தின் கையில் உண்மையில் இருக்கும் மாத வருமானம் 28,000 அல்ல, 21,500 ரூபாய்தான். வீட்டுச் செலவு எவ்வளவு தாங்கும், தவணையில் கைப்பேசி வாங்கலாமா என்பதையெல்லாம் இந்த இரண்டாவது எண்ணை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

பட்டியலில் மிகவும் தடுமாற வைப்பது மொய்தான். அதற்கு வீட்டிலுள்ள மொய் நோட்டையே எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதும், அவர்களில் யார் வீட்டில் அடுத்த ஓராண்டில் விசேஷம் வரக்கூடும் என்பதும் உங்களுக்கே தெரியும். 501 ரூபாய் செய்தவருக்கு அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதால், மொய் நோட்டில் இன்னும் திருப்பிச் செய்யாத பெயர்களைக் கூட்டினாலே ஓரளவு சரியான தொகை கிடைத்துவிடும். ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் திருமணங்கள் பெரும்பாலும் இருக்காது. எனவே அந்த மாதங்களில் மிஞ்சுவதை வேறெதற்கும் எடுக்காமல், ஆவணிக்கும் ஐப்பசிக்கும் தைக்கும் என்று வைத்திருக்க வேண்டும்.

இந்த முறையைத் தொடங்க உகந்த மாதம் ஜூலை. பள்ளிக் கட்டணம் கட்டி முடிந்திருக்கும். அடுத்த கட்டணத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு இருக்கும். டிசம்பரில் தொடங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூன் பிறப்பதற்குள் ஆறு சம்பளங்கள்தான் இருக்கின்றன என்பதால், பள்ளிச் செலவான 30,000 ரூபாய்க்கு மாதம் 2,500 போதாது, 5,000 தேவைப்படும். முதல் ஆண்டில் ஒவ்வொரு செலவையும் அது வரும்வரை எஞ்சியுள்ள மாதங்களால்தான் வகுக்க வேண்டும். பன்னிரண்டால் வகுக்கும் வசதி இரண்டாம் ஆண்டில்தான் வரும். பலர் இரண்டு மாதத்திலேயே மனம் தளர்ந்து கைவிடுவது இதை அறியாததால்தான். முதல் ஆண்டு மட்டும் தீபாவளித் துணிச் செலவைக் குறைப்பதும், கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று பள்ளியில் கேட்பதும் தவறே இல்லை.

ஒதுக்கும் பணம் சம்பளம் விழுந்த அன்றே வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும். ஏடிஎம் அட்டையும் கூகுள் பே இணைப்பும் இல்லாத ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு இதற்குப் போதும். பள்ளிக் கட்டணப் பங்குக்கு மட்டும், முதல் ஆண்டு முடிந்த பிறகு, மே மாதத்தில் தொடங்கி அடுத்த மே மாதத்தில் முதிர்வடையும் ஓராண்டு ஆர்.டி. கணக்கை (மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டிவரும் தொடர் வைப்பு) வங்கியில் போடலாம். அஞ்சலக ஆர்.டி. நல்ல திட்டம்தான், ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்து எடுக்க இயலாது என்பதால் இந்தத் தேவைக்குப் பொருந்தாது. தீபாவளிச் சீட்டுக்கு மாதந்தோறும் கட்டுபவர்கள், நடத்துபவர் கடையைப் பூட்டிவிட்டுப் போனால் அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். வங்கியில் ஒருவர் போட்டிருக்கும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தெருமுனைச் சீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை.

மாதம் 6,500 ரூபாய்க்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. ஒரு பகுதியை மின்கட்டணத்தில் எடுக்கலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமின்றி அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறிவிடுகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தின்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! விகிதங்கள் பின்னர் மாறியிருந்தாலும், இந்த எல்லையை மனத்தில் வைத்துக் கணக்கெடுத்த முப்பதாவது நாளில் மீட்டரை நீங்களே ஒருமுறை பாருங்கள். 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் ஏசியையும் வாட்டர் ஹீட்டரையும் குறைக்க இன்னும் நேரம் இருக்கிறது. 75 வாட் எடுக்கும் பழைய மின்விசிறிக்குப் பதில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 35 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டினால், நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றிலேயே இரண்டு மாதத்தில் 38 யூனிட் மிச்சமாகும்.

நியாய விலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வழங்கப்பட்டு வந்துள்ளன. கூட்டத்துக்கு அஞ்சி இவற்றை வாங்காமல் விடுபவர்கள் மாதந்தோறும் கணிசமான தொகையை இழக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை மிச்சமாவது வட்டியில்தான். தண்டலுக்குப் பணம் வாங்கும்போது, 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் கட்டி முடிக்க வேண்டும். ‘நூற்றுக்குப் பத்துதானே’ என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், அந்த 100 நாளில் சராசரியாக உங்களிடம் இருப்பது 4,500 ரூபாய் அளவுதான். அதற்கு 1,000 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு ஆகிறது. ‘மூன்று பைசா வட்டி’ என்று சாதாரணமாகச் சொல்லப்படுவதும் ஆண்டுக்கு 36 விழுக்காடுதான். ஏற்கெனவே இத்தகைய கடன் இருந்தால், வீட்டு நகையை வங்கியிலோ கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ அடகு வைத்தாவது முதலில் அதை அடைத்துவிடுங்கள். ஆண்டுச் செலவுக்கான சேமிப்பை அதன் பிறகு தொடங்கினால் போதும்.

ஆண்டு முடிவில் ஏதாவது தலைப்பில் பணம் மிஞ்சினால் அதை அப்படியே அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லுங்கள். பள்ளிக் கட்டண உயர்வு பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். மிஞ்சாமல் பற்றாக்குறை வந்தால், பட்டியலில் எந்தச் செலவை விட்டுவிட்டோம் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, அதையும் எழுதி, ஜூலைச் சம்பளத்திலிருந்து புதிய தொகையை ஒதுக்கத் தொடங்குங்கள்.