கிராமத்துக் காவல் ஆய்வாளரை நாயகனாக்கிக் குற்றக்கதை எழுதுவது எப்படி?

அமெரிக்கச் சிற்றூர் ஷெரிப்பின் கதைகளைப் படித்துவிட்டு, அதே போன்ற ஒன்றை நம் மண்ணில் எழுத ஆசைப்படும் சென்னை எழுத்தாளர்கள், முதலில் அந்தப் பதவியையும் நம் ஊர்க் காவல் ஆய்வாளர் பதவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஷெரிப் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. குற்றங்களை விசாரிப்பதோடு உள்ளூர்ச் சிறையை நடத்துவதும், நீதிமன்றத்தின் ஆணைகளை உரியவரிடம் சேர்ப்பதும் பல இடங்களில் அவர் பொறுப்பு. (சென்னையிலும் ஒரு காலத்தில் ஷெரிப் இருந்தார், ஆனால் அது நகரப் பிரமுகர்களுக்கு அளிக்கப்பட்ட கௌரவப் பதவி.) தான் கைது செய்யும் இளைஞனின் தாய்மாமன் அடுத்த தேர்தலில் தனக்கே ஓட்டுப் போட வேண்டியவர் என்ற நிலைமையிலிருந்துதான் அந்தக் கதைகளின் இறுக்கம் பிறக்கிறது.

நம் ஆய்வாளருக்கு ஓட்டைப் பற்றிய பயம் இல்லை. மாற்றல் உத்தரவைப் பற்றிய பயம் உண்டு. அவர் அந்த ஊருக்கு அந்நியர். எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் பேச்சு இல்லை, எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பதெல்லாம் அங்கே பல வருடங்களாகப் பணியாற்றும் ஏட்டுக்குத்தான் தெரியும். ஆகவே, ஷெரிப் என்ற ஒருவரிடம் இருந்த அதிகாரத்தையும் ஊரறிவையும் நீங்கள் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். இந்தப் பிரிவினையைச் சரியாகச் செய்துவிட்டால் கதை பாதி எழுதப்பட்டுவிட்டதாகவே நான் கருதுகிறேன்.

அடுத்தது குடும்பம். பல கையெழுத்துப் படிகளில் ஆய்வாளரின் சொந்தத் துயரம், குடிப்பழக்கமாகவோ இறந்த மனைவியின் புகைப்படமாகவோ சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டாலும் வழக்கு அப்படியே நடக்கிறது. அப்படி இருக்கக் கூடாது. வீட்டுப் பிரச்சினை அவருடைய நேரத்தைத் தின்ன வேண்டும். அதே பிரச்சினைதான், வேறு யார் கண்ணிலும் படாத ஒன்றை அவர் கண்ணுக்குக் காட்டவும் வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கதை 1990-களில், மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கிறது. ஆய்வாளரின் மனைவியும் மகளும், பள்ளிப் படிப்பை முன்னிட்டு, பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அண்ணனோடு நீண்ட நாளாக இருந்துவந்த பாகத் தகராறை முடித்துக்கொள்வதற்காக, மனைவியிடம் சொல்லாமலேயே, தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பதிவு அலுவலகத்தில் இடது கட்டைவிரல் ரேகை வைத்தபின், எல்லோரும் செய்வதுபோல, விரலிலிருந்த மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மூன்றாம் நாள், பம்ப்செட் கொட்டகையில் ஒரு முதியவர் இறந்துகிடப்பதாகத் தகவல் வருகிறது. பெரியவர் ஒரு மாதமாக வாசற்படி தாண்டவில்லை என்று மகன்கள் இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். குனிந்து பார்க்கும் ஆய்வாளருக்கு, அந்த நரைத்த தலையில், இடது காதுக்கு மேலே, மெல்லிய ஊதாத் தீற்றல் ஒன்று தெரிகிறது.

“ஏட்டு, பெரியவர் கையெழுத்துப் போடுவாரா?”

“போடுவாருங்கய்யா. திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு.”

கையெழுத்துப் போடத் தெரிந்தவரிடமும் பத்திரப் பதிவில் ரேகை வாங்குவார்கள் என்பது ஆய்வாளருக்கு மூன்று நாளைக்கு முன்புதான் அனுபவமாகியிருக்கிறது. அவர் கை, அவரை அறியாமல், தன் தலைக்குப் போகிறது. இந்த இடத்தில் அவருடைய மனத்தை விளக்கி ஒரு வரிகூட எழுதாதீர்கள். அந்தக் கை போதும். இனி அவர் போக வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம் என்பதை வாசகரே புரிந்துகொள்வார். தம்பியாகத் தோற்றுப்போனதை மறக்க நினைப்பவர், அதே வகைப் பத்திரங்களை நாள் முழுவதும் புரட்டும்படி ஆகிறது.

சட்ட விவரங்களில் காலக் கணக்கு முக்கியம். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்கு முந்தைய கதையில் சந்தேக மரணம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் பதிவாகும். பிந்தைய கதையில், அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. காவலரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிரான சாட்சியமாகாது என்பது இரண்டு காலத்துக்கும் பொது. எனவே, விசாரணை அறையில் குற்றவாளி அழுது ஒப்புக்கொள்வதோடு கதையை முடிப்பவர்கள் வழக்கை நீதிமன்றத்தில் தோற்கடிக்கிறார்கள். அவன் சொன்னதை வைத்துப் போய், மறைத்துவைத்த பொருளைக் கைப்பற்ற வேண்டும். அப்போது மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்காக அந்த இடத்திலேயே எழுதும் பதிவில், சாட்சியாகக் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலராக இருப்பார். நிலத்தகராறுக் கதையில் பட்டா விவரம் தெரிந்தவரும் அவரே என்பதால், அவருக்கு நல்லதொரு பாத்திரம் கொடுங்கள்.

இவற்றையெல்லாம் சென்னையிலிருந்தபடியே கற்றுக்கொள்ள முடியும். எழும்பூரில் பழைய ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021-இல் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அதைவிடப் பயனுள்ளது செங்கல்பட்டு நீதிமன்றம்: திறந்த நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். ஒரு ஆய்வாளரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது, பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பில்) அவர் எழுதாமல் விட்ட ஒரு சிறு விவரம் அவரை எப்படி வாட்டுகிறது என்பதை இரண்டு மணி நேரம் கேட்டாலே உங்கள் நடை மாறிவிடும். பேருந்தைக்கூடக் கவனியுங்கள். கோயம்பேடு நிலையம் 2002-இலும் கிளாம்பாக்கம் 2023-இலும்தான் திறக்கப்பட்டன. 1990-களில் இருக்கும் நம் ஆய்வாளர் பாரிமுனையில்தான் பேருந்து ஏறியாக வேண்டும்.

முடிவை எழுதும்போது வழக்கை முடியுங்கள், வீட்டை முடிக்காதீர்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான மறுநாள் அவர் பெரம்பூருக்கு வருகிறார். சட்டையைக் கழற்றி மாட்டுகிறார். மனைவி சோற்றைப் பரிமாறிவிட்டு, “உங்க அண்ணன் போன வாரம் வந்துட்டுப் போனாருங்க” என்கிறாள். அடுத்த வாக்கியத்தை அவள் பேச வேண்டும் என்று வாசகர் காத்திருக்கும்போது, சாம்பார்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்த வையுங்கள்.