மேடைக்குப் பின்னால் வேலை: படிப்பைத் தேர்வதில் சறுக்கும் இடங்கள்

பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளி நாடகம். மேடைக்கு ஒளி பாய்ச்சும் 1000 வாட் ‘பார்’ (PAR) விளக்குகள் ஆறை ஒரே 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து இழுத்திருந்தேன். திரை விலகிச் சில நிமிடங்களில் மேடை இருண்டது. ஆறு விளக்குக்கும் சேர்த்து 26 ஆம்பியர் வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு. பந்தல்காரரோடு வந்திருந்த ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் ஒன்றும் பேசாமல் இரண்டிரண்டாகப் பிரித்து மின் இணைப்பின் மூன்று ஃபேஸிலும் போட்டார். நான் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பட்டதாரி.

படிப்பின் பெயரைப் பார்த்துச் சேர்வதுதான் முதல் தவறு. விஸ்காமில் பெரும்பாலும் கேமராவும் எடிட்டிங்கும்தான். ஏணியில் ஏறி விளக்கு மாட்டுவதையோ, பலகை அறுத்துச் செட் போடுவதையோ அங்கே எதிர்பார்க்க முடியாது. பாடத்திட்டத்தை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பிளஸ் டூ முடித்ததும் டில்லி தேசிய நாடகப் பள்ளிதான் என்று கனவு காண்பது அடுத்தது. அந்த மூன்றாண்டுப் பட்டயத்துக்குப் பட்டப்படிப்போடு நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்கிறார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் இருப்பதும் முதுகலைதான். ஆனால் வாளையாறு தாண்டினால் திருச்சூரில், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில், இளநிலையிலேயே நாடகம் படிக்கலாம். மலையாளம் வேண்டியிருக்கும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அது ஒரு தடையா என்ன!

உள்ளூர்ப் படிப்புகளைத் தள்ளிவிடுவதுதான் எனக்கு எரிச்சலூட்டும் தவறு. ஒளியமைப்பில் ஆசையா? இரண்டாண்டு ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படிப்போ மின்னியல் டிப்ளமாவோ போதும், தொடங்கிவிடலாம். வீட்டில் பொறியியல்தான் என்று பிடிவாதம் பிடித்தாலும் குடி முழுகிவிடாது. மாலை நேரத்தை நாடகக் குழுவுக்குக் கொடுங்கள்.

உடையில் ஆசை என்றால் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பல கல்லூரிகளில் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் இருக்கிறது. பெயரில் காஸ்ட்யூம் இருந்தாலும் பாடத்தின் கண் திருப்பூர் ஏற்றுமதி மேல்தான். மேடை உடைக்குக் கணக்கே வேறு. ராணி உள்ளே போய் ஒரு நிமிடத்துக்குள் பிச்சைக்காரியாகத் திரும்ப வேண்டும். பட்டன் பூட்ட நேரமில்லை. முன்பக்கம் பட்டன்களைச் சும்மா தைத்துவிட்டு அடியில் வெல்க்ரோ வைப்போம். அதைப் பிரிக்கும் ‘சர்ர்’ சத்தம் முதல் வரிசைக்குக் கேட்டுவிடும் என்பதால், மத்தளம் அடிக்கும் நேரம் பார்த்துத்தான் பிரிப்பது. தையல் அங்கே கற்கலாம். இதையெல்லாம் குழுவில்தான் கற்க முடியும்.

சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சேலம், நாமக்கல் பக்கம் கூத்து நடக்கும் இரவில் ஒப்பனைப் பந்தலுக்குள் போய் உட்கார அனுமதி கேளுங்கள். மரத்தில் செய்து கண்ணாடி பதித்த கிரீடத்தை ஆட்டத்தில் அசையாமல் தலையில் கட்டுவதே ஒரு பாடம்.

“சோறு போடுமா?” என்று அப்பா கேட்பார். நம் பக்கத்தில் நாடகம் மட்டும் போடாது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கல்யாண மேடைகளும் நிறுவன விழாக்களும் சேர்ந்தால்தான் மாதம் ஓடும். அங்கேயும் கேட்பது இதே கைவேலையைத்தான்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது விடுதி, கேன்டீனோடு திரும்பிவிடாதீர்கள். கலையரங்கின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். முதல்வர் அறையில் இருக்கிறது, ஆண்டு விழாவுக்குத் திறப்போம் என்றால் அடுத்த கல்லூரிக்குப் பஸ் ஏறுங்கள்.