தொட்டியில் ஆரஞ்சுக் கன்று வளர்க்க

நர்சரியில் கன்று வாங்கும்போதே அடித்தண்டைக் குனிந்து பாருங்கள். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஒட்டுக் கட்டிய இடம் லேசாக வீங்கி, தண்டு சற்றே வளைந்து தெரிந்தால் அது ஒட்டுக்கன்று, அதாவது வேறொரு செடியின் அடித்தண்டில் நல்ல ரகத்தை ஒட்டி வளர்த்தது. மூன்று நாலு வருஷத்தில் காய்க்கும். விதைக்கன்று என்றால் ஏழெட்டு வருஷம்கூட ஆகலாம். சென்னை, திருச்சி மாதிரி வெயில் ஊரில் மொட்டைமாடி என்றால் நான் கமலா ஆரஞ்சை விட சாத்துக்குடியைத்தான் வாங்கச் சொல்வேன். கமலா என்பது ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலைப் பக்கத்துப் பழம். இங்கேயும் காய்க்கும், ஆனால் இரவில் குளிர் போதாததால் தோல் பச்சையாகவே நின்றுவிடும்.

எடுத்த எடுப்பில் பெரிய டிரம்மில் வைக்காதீர்கள். சின்ன வேர் உறிஞ்ச முடியாத தண்ணீர் அவ்வளவும் மண்ணில் தங்கி வேரை அழுகவைக்கும். 12 அங்குலத் தொட்டி போதும், ஒன்றிரண்டு வருஷம் கழித்து 18 அங்குலத்துக்கு மாற்றலாம். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஒட்டுப்பகுதி கட்டாயம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்.

தொட்டிக் கன்றுகள் பெரும்பாலும் சாவது தண்ணீர் இல்லாமல் இல்லை, தண்ணீர் அதிகமாகித்தான். அதனால் தினமும் காலையில் ஒரு குவளை என்று கணக்கு வைக்காமல், விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள், காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் தண்ணீர் வடியும்வரை ஊற்றுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் தினமும் கேட்கும், ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் கேட்காது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள். இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் தண்ணீரும் வடியும், தளத்துச் சூடும் வேரில் ஏறாது. வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும், ஆனால் நிழல்வலைக்குள் இருந்த கன்றை வந்த அன்றே உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும், ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

ஒட்டுக்குக் கீழே இருந்து முள்ளோடு விறுவிறுவென்று ஒரு கிளை கிளம்பும். செழிப்பாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால் மேலே இருக்கும் நல்ல ரகத்தை அது அமுக்கிவிடும். பார்த்த உடனே அடியோடு கிள்ளி எடுங்கள்.

அப்புறம், இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். அடியில் உள்ள பழைய இலை முழுசாக வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு, மண்புழு உரமோ ஊறவைத்து நன்றாக நீர்த்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரோ மாதம் ஒருமுறை கொடுங்கள். புதுக் கொழுந்தில் நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் வெளிறியிருந்தால் இரும்பு, துத்தநாகக் குறைவு. உப்பான போர்வெல் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இது சகஜம். நுண்ணூட்டக் கலவையைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் இலைமேல் தெளியுங்கள், மழைத்தண்ணீர் பிடித்து ஊற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

கொழுந்து இலையில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சின்னக் கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது, வளர்ந்தபின் பச்சையாகி இலையோடு இலையாக ஒளிந்துகொள்ளும். சின்னக் கன்றை இரண்டு நாளில் மொட்டையடித்துவிடும் என்பதால் மருந்துக்கு ஓடாமல் கையால் எடுத்துப் போடுவதுதான் சரி. இலையில் வெள்ளிக்கோடு நெளிந்து நெளிந்து போனால் இலைச்சுரங்கப் புழு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து, கொழுந்து விடும் சமயத்தில் சாயங்காலம் தெளியுங்கள்.

முதல் வருஷம் பூத்தால் மனசு வராதுதான், ஆனாலும் பூவைக் கிள்ளிவிடுங்கள், அந்தச் சத்து வேருக்கும் கிளைக்கும் போகட்டும். அடுத்த வருஷம் நாலைந்து காய் விடலாம். பட்டாணி அளவுப் பிஞ்சுகள் நிறைய தானாகவே உதிரும், பயந்துபோய் உரத்தைக் கொட்ட வேண்டாம்.