ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்தை உருப்படியாகக் கொண்டாட

ஸ்பானிஷ் பேசும் நாடுகளை வேராகக் கொண்ட அமெரிக்கர்களின் பாரம்பரியத்தைப் போற்றும் இந்த மாதம் அமெரிக்காவில் செப்டம்பர் 15-ல் தொடங்கி அக்டோபர் 15 வரை போகும். ஏன் மாத நடுவில் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிகா ஐந்தும் 1821-ல் விடுதலை அறிவித்த நாள் அது, மறுநாள் மெக்ஸிகோவின் விடுதலை நாள்.

இருபது நாட்டையும் ஒரே சாயங்காலத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள். மெக்ஸிகோக்காரர் வேஷம் என்று பெரிய தொப்பியும் ஒட்டு மீசையும் வேண்டவே வேண்டாம், அது யாரையும் மதிப்பதாகாது. ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு அவரைப் பற்றி நிதானமாகப் பேசுங்கள்.

நான் ராபர்ட்டோ கிளெமென்டேயைத்தான் சொல்வேன். அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிகோவில் பிறந்த பேஸ்பால் வீரர். 1972 செப்டம்பர் 30-ல் தன் 3,000-ஆவது ஹிட்டை (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாகத் தளம் சேர்வது) அடித்தார், அதனால் அந்தத் தேதியிலேயே கூடினால் பொருத்தமாக இருக்கும். அதே ஆண்டு டிசம்பரில் நிகராகுவாவில் நிலநடுக்கம். முன்பு அனுப்பிய நிவாரணப் பொருட்கள் மக்கள் கைக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டு, தானே கூடப் போகிறேன் என்று டிசம்பர் 31 அன்று விமானத்தில் ஏறினார். அது கடலில் விழுந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

பேஸ்பால் அட்டைகளில் அவரை 'பாப்' (Bob) என்று ஆங்கிலச் சுருக்கப் பெயரில் போட்டார்கள். அவரோ என் பெயர் ராபர்ட்டோ என்பதில் உறுதியாக இருந்தார். நீங்களும் கூட வேலை செய்கிறவர்களின் பெயரை அவர்கள் சொல்கிறபடியே சொல்லப் பழகுங்கள். "எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள்" என்று எடுத்ததும் கேட்காதீர்கள்: புவெர்ட்டோ ரிகோக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், தென்மேற்கில் சில குடும்பங்கள் 1848-ல் மெக்ஸிகோவுடனான எல்லை மாறுவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள்.

அப்புறம் சாப்பாடு. மக்காச்சோள டோர்டியா, அதாவது மெக்ஸிகோவின் மெல்லிய ரொட்டி, நீங்களே சுடலாம். சாதாரண மக்காச்சோள மாவு சேராது, 'மாசா ஹரினா' என்று கேட்டு வாங்குங்கள், சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தில் அரைத்தது. வெந்நீர் விட்டுப் பிசைந்து, உருட்டிய உருண்டையை அழுத்திப் பாருங்கள், ஓரம் வெடித்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துத் தட்டையாக்கி, நன்றாகக் காய்ந்த கல்லில் எண்ணெய் இல்லாமல் போடுங்கள். இரண்டு முறை திருப்பினால் பெரும்பாலும் உப்பும். சுடச்சுட ஒரு துணியில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ராபர்ட்டோவின் கதையை முடிப்பதற்குள் விறைத்துவிடும்.