ட்ரையல்ஸ் டூ ஸ்ட்ரோக் ரிச்சாக ஓடினால் கார்புரேட்டரை எங்கிருந்து பார்ப்பது

ட்ரையல்ஸ் (பாறை போன்ற தடைகளைக் கால் ஊன்றாமல் மெல்லக் கடக்கும் போட்டி) வண்டியின் இன்ஜின் பெரும்பாலான நேரம் ஐட்லிங்குக்கும் கால் த்ராட்டிலுக்கும் நடுவில்தான் வேலை செய்கிறது. முழு த்ராட்டில் என்பது ஒரு பெரிய பாறையில் ஏறும் சில நொடிகள் மட்டுமே. அதனால் இந்த வண்டியில் ‘ரிச்’ (கலவையில் காற்றுக்குப் பெட்ரோல் அதிகம்) என்று உணரப்படுவது ஏறக்குறைய எப்போதும் பைலட் ஜெட் (கீழ்நிலைக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை), ஏர் ஸ்க்ரூ (அதில் சேரும் காற்றை அளக்கும் திருகு), ஸ்லைடு (த்ராட்டிலைத் திருகினால் மேலேறும் அடைப்பு), அதில் தொங்கும் ஊசியான நீடிலின் மேல்பகுதி ஆகியவற்றின் விவகாரம். ஆனால் பலர் முதலில் கை வைப்பது முழு த்ராட்டிலுக்கான மெயின் ஜெட்டில். அதைச் சிறிதாக்கினால் கீழ்நிலைத் தடுமாற்றம் அப்படியே இருக்கும். முழு த்ராட்டிலில் மட்டும் லீனாகி (பெட்ரோல் குறைந்து), நீளமான ஏற்றத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்து வரும்.

ரிச்சின் அடையாளங்கள் தெளிவானவை. ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டுச் சட்டென்று திறந்தால் இன்ஜின் அடைத்துக்கொண்டு படபடத்து, பிறகு தெளிகிறது. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிவதால் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி போலச் சத்தம் வருகிறது. சைலன்சர் முனையில் கறுப்புக் குழம்பு வழிகிறது. பிளக் நனைந்து, மசி போலக் கறுத்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, த்ராட்டிலை மூடிய பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கினாலோ, திறந்த கணத்தில் சத்தமே இல்லாமல் செத்தாலோ அது லீன். இரண்டையும் குழப்பிக்கொண்டால் இனிமேல் செய்வதெல்லாம் தலைகீழாகப் போகும். சந்தேகமாக இருந்தால் சூடான இன்ஜினில் சோக்கை (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் விடும் அமைப்பு) ஒரு நொடி இழுத்துப் பாருங்கள். ஓட்டம் மேம்பட்டால் வண்டி லீன். உடனே மூச்சு முட்டினால் ரிச் பக்கம். ஒரு மாற்றமும் இல்லையென்றால் சோக் ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கலாம்.

ஜெட்டைத் தொடுவதற்கு முன்

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதே ஜெட்டோடு வண்டி முன்பு நன்றாக ஓடியதா? ஓடியது என்றால் ஜெட் தானாகப் பெரிதாகாது. ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, அடைத்திருக்கிறது அல்லது கசிகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஜெட் மாற்றுவது பழுதின் மேல் பூச்சு பூசுவதுதான்.

ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, ஃபில்டர் ஆயிலைக் கொஞ்சமாகத் தடவிப் பிழியுங்கள். ஆயில் சொட்டும் ஃபில்டர் காற்றை மறிக்கும். அந்த ஆயில் வழிந்து, கார்ப் வாயில் உள்ள சிறு காற்றுத்துளையையும் அடைக்கும். பைலட் சர்க்யூட்டுக்குக் காற்று போவது அந்தத் துளை வழியாகத்தான்.

சோக் பிளஞ்சரைக் கழற்றி அடியில் உள்ள ரப்பரைப் பாருங்கள். அதில் ஆழமான வட்டத் தடம் விழுந்திருந்தாலோ வெடித்திருந்தாலோ பெட்ரோல் எப்போதும் கசியும். கேபிள் வைத்த சோக் என்றால் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும்.

அடுத்தது ஃப்ளோட், அதாவது கார்ப்பின் அடியில் உள்ள பௌலில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை. இன்ஜினை அணைத்து, பெட்ரோல் டேப்பைத் திறந்து வைத்துவிட்டு ஓவர்ஃப்ளோ குழாயைக் கவனியுங்கள். சொட்டினால் ஃப்ளோட் நீடிலின் (பெட்ரோல் வரத்தை அடைக்கும் சிறு ஊசி) முனை தேய்ந்திருக்கும் அல்லது அது பதிந்து மூடும் இருக்கையில் தூசி இருக்கும். கார்ப் கையில் இருக்கும்போது இன்னொரு சோதனையும் செய்யலாம்: பெட்ரோல் வரும் குழலில் டியூபை மாட்டி, கார்ப்பைக் கவிழ்த்துப் பிடித்து மெதுவாக ஊதினால் காற்று போகவே கூடாது. ஃப்ளோட் உயரத்தை அளக்கும்போது கார்ப்பைச் சாய்த்துப் பிடியுங்கள். ஃப்ளோட்டின் நாக்கு நீடிலின் ஸ்ப்ரிங் முனையைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. அமுக்கி அளந்தால் கணக்கு தவறும். எத்தனை மில்லிமீட்டர் என்பதற்கு உங்கள் மாடலின் மேனுவலே ஆதாரம். ஃப்ளோட் பௌலில் பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் எல்லா த்ராட்டில் நிலையிலும் கலவை ரிச்சாகும்.

ட்ரையல்ஸ் வண்டிகளில் அதிகம் கவனிக்கப்படாத தேய்மானம் ஒன்று உண்டு. நாள் முழுதும் ஸ்லைடு ஏறக்குறைய மூடிய நிலையில் அதிர்வதால், ஸ்லைடில் தொங்கும் நீடில் ஒரே இடத்தில் நீடில் ஜெட்டின் (அது ஏறி இறங்கும் குழல்) சுவரில் உரசிக்கொண்டே இருக்கிறது. நீடிலை வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றுங்கள். மேல்பகுதியில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தட்டையாகியிருந்தால் அதுதான். நீடில் ஜெட்டின் துளையும் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகியிருக்கும். அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) முதல் கால் த்ராட்டில் வரை வரும் பிடிவாதமான ரிச்சுக்கு இது அடிக்கடி காரணம். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீடில் ஜெட் அடித்துப் பொருத்தப்பட்ட வகைக் கார்ப்களில் புதுக் கார்ப் வாங்குவதுதான் மலிவாக முடியும்.

வெள்ளைப் புகை தொடர்ந்து வந்து, கியர்பாக்ஸ் ஆயிலும் குறைந்துகொண்டே போனால் கார்ப்பை விட்டுவிடுங்கள். கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம்) போய், இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. எதிர்ப் பக்க சீல் போனால் காற்று நுழைந்து கலவை லீனாகும். அது வேறு கதை.

ஆயில் விகிதத்தில் ஒரு குழப்பம் நிரந்தரமாக இருக்கிறது. பெட்ரோலில் ஆயிலைக் கூட்டினால் புகையும் குழம்பும் கூடும். ஆனால் ஜெட் வழியே போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு குறைவதால் எரியும் கலவை சற்றே லீன் பக்கம் நகர்கிறது. எனவே ‘ஆயிலைக் குறைத்தால் ரிச் போய்விடும்’ என்பது தவறான மருந்து. மேனுவல் சொல்லும் விகிதத்தை அளவு குடுவையில் அளந்து ஊற்றுங்கள்: 80:1 என்றால் லிட்டருக்கு 12.5 மில்லி, 60:1 என்றால் கிட்டத்தட்ட 16.7 மில்லி. விகிதத்தை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் ட்யூனிங் முடியும்வரை மாற்றாதீர்கள்.

ஏர் ஸ்க்ரூவும் பைலட் ஜெட்டும்

முதலில் ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்லைடுக்கும் ஏர்பாக்ஸுக்கும் நடுவில் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ. வெளியே திருப்பினால் லீன். ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்தால் அது ஃப்யூயல் ஸ்க்ரூ. வெளியே திருப்பினால் ரிச். கீழே சொல்வது ஏர் ஸ்க்ரூவுக்கு. மற்றதற்குத் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

புது பிளக் ஒன்றைப் போடுங்கள். பழைய, அடைத்த பிளக்கோடு செய்யும் ட்யூனிங்கை நம்ப முடியாது. ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உட்காரும்வரை உள்ளே திருப்பி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே கொண்டுவாருங்கள். இறுக்கினால் கூரான முனையும் அதன் இருக்கையும் கெடும். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுழன்று நிற்கும்வரை வண்டியை ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த இன்ஜினில் சரியாகத் தெரிவது சூடானதும் ரிச்சாகிவிடும்.

இப்போது ஐட்லிங்கைச் சற்றே உயர்த்தி, ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாக வெளியே திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நொடியாவது காத்திருங்கள்; இன்ஜின் பதில் சொல்ல நேரம் எடுக்கும். ஆர்பிஎம் ஏறி, உச்சம் தொட்டு, மறுபடி தளரும். உச்சம் வந்த இடத்துக்குத் திரும்பி வந்து, ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைப் பழைய நிலைக்கு இறக்குங்கள்.

அந்த உச்சம் ஒரு சுற்றுக்கும் இரண்டரைச் சுற்றுக்கும் நடுவில் வந்தால் பைலட் ஜெட் சரி. இரண்டரைச் சுற்றுக்கு மேல் திறந்தும் ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போனால் பைலட் ஜெட் பெரிது. ஒரு எண் இறக்குங்கள். கெய்ஹின் நிறுவனக் கார்ப் என்றால் 48-க்குப் பதில் 45, அதற்கடுத்து 42. ஒரு நிறுவன ஜெட்டின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். டெல்லோர்ட்டோ எண் துளையின் விட்டத்தை நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் சொல்கிறது, மற்றவர்கள் எல்லோரும் அப்படி எண்ணிடுவதில்லை. ஜெட்டைக் கழற்ற அதன் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பித்தளை சட்டென்று வழுக்கிவிடும். துளையைக் கம்பியால் குத்தாதீர்கள், அதுவே ஜெட்டைப் பெரிதாக்கிவிடும். கிளீனரும் காற்றும் போதும்.

ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் எந்த மாற்றமும் இல்லையென்றால் இரண்டு சாத்தியம். காற்று வழி அடைத்திருக்கிறது. அல்லது ஐட்லிங் ஸ்க்ரூ அதிகம் உள்ளே போய் ஸ்லைடு தூக்கி நிற்கிறது, இன்ஜின் பைலட்டைத் தாண்டிப் பெட்ரோல் எடுக்கிறது.

அதற்கு மேலே

த்ராட்டில் கிரிப்பிலும் அதன் உறையிலும் டேப் ஒட்டி அரைக்கால், கால், அரை, முக்கால் என்று குறியிடுங்கள். எந்தக் குறியில் தடுமாறுகிறது என்று பார்க்காமல் யூகிப்பதில் அர்த்தமில்லை. அரைக்காலில் இருந்து கால் வரை மட்டும் ரிச், பைலட்டும் நீடிலும் சரி என்றால், அடி விளிம்பில் வெட்டு அதிகமுள்ள ஸ்லைடு வேண்டும். ஸ்லைடின் எண் பெரிதானால் லீன். இது விலை கூடிய மாற்றம் என்பதால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கால் முதல் முக்கால் வரை ரிச் என்றால் நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே நகர்த்துங்கள். நீடில் கீழே இறங்கும், கலவை லீனாகும். மெயின் ஜெட்டை முக்காலுக்கு மேல் தடுமாற்றம் இருந்தால் மட்டும், ஒரு எண் அளவில் சிறிதாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், எழுதி வையுங்கள்.

எவ்வளவு லீன் வரை போகலாம்? ட்ரையல்ஸுக்கு, த்ராட்டிலைத் திறந்ததும் இன்ஜின் கூர்மையாகப் பாய வேண்டியதில்லை. உச்ச ஆர்பிஎம் கிடைத்த இடத்திலிருந்து ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று ரிச் பக்கம் விட்டால் த்ராட்டில் மென்மையாக எடுக்கும், ஈரப் பாறையில் டயர் வழுக்குவது குறையும், மெல்ல உருளும்போது திடீரென அணைந்து போகாது. வெயில் ஏறினாலோ உயரமான இடத்துக்குப் போனாலோ காற்று அடர்த்தி குறைந்து அதே செட்டிங் ரிச்சாகும். 1000 மீட்டர் ஏறினால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு அடர்த்தி போய்விடும். நாளுக்கு நாள் மாறும் வெப்பநிலைக்கு ஸ்க்ரூவில் கால் சுற்று போதும். மலைக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு எண் சிறிய பைலட் ஜெட்டைக் கையில் வைத்திருங்கள்.