தகதகக்கும் போக்கர் சில்லு: வீட்டிலேயே செய்யலாம்

போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டச் சில்லில் ஒட்ட, உலோகம்போல் மின்னும் ஸ்டிக்கர் செய்யப்போகிறோம். கம்ப்யூட்டரில் வெளிர் சாம்பலையும் அடர் சாம்பலையும் இழைத்து அதை வரைந்தால் திரையில் அசல் எஃகு மாதிரி இருக்கும். அச்சாகி வந்ததும் வெறும் சாம்பல். சில்லைத் திருப்பும்போது வெளிச்சமும் அதன்மேல் நகர வேண்டும், அப்போதுதான் கண் அதை உலோகம் என்று நம்பும். சாதாரண அச்சு மையால் அது ஆகாது. அதனால் நான் ஃபாயிலைத்தான், அதாவது சூட்டில் அச்சின்மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தங்க நிற மினுக்குத் தாளைத்தான், நம்புகிறேன்.

முதலில் வெற்றுச் சில்லு. 39 மில்லிமீட்டர் விட்டம்தான் வழக்கமான அளவு. உள்ளே உலோகத் தகடு வைத்த 11.5 கிராம் வகையாக, நடுவில் ஸ்டிக்கருக்குப் பள்ளம் விட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கனமில்லாத சில்லில் எவ்வளவு பளபளப்பு ஏற்றினாலும் கையில் எடுத்ததும் பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும். ஆளுக்கு 50 சில்லு இருந்தால் தாராளம்; சிறிய மதிப்பில் அதிகம் வையுங்கள்.

நிறத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அமெரிக்க வழக்கில் வெள்ளை 1 டாலர், சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100. தீபாவளி இரவு எங்கள் வீட்டில் உட்காரும் அத்தைக்கும் மாமாவுக்கும் அது எதற்கு? அவர்கள் கண்ணில் பதிந்தது சிங்கப்பூர் நோட்டு. ஆகவே ஊதா 2 வெள்ளி, பச்சை 5, சிவப்பு 10, நீலம் 50, ஆரஞ்சு 100. யாரும் யாரிடமும் கேட்காமலே எண்ணிவிடுகிறார்கள். நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நோட்டின் படத்தை நகலெடுக்க வேண்டாம்.

பள்ளத்தின் விட்டத்தைக் காலிப்பர் என்ற அளவுகோலால் அளந்து, அதைவிட அரை மில்லிமீட்டர் குறைத்து வட்டம் வரையுங்கள். விளிம்பில் ஏறிய ஸ்டிக்கர், அடுக்கும்போது உரசி உரிந்துவிடும். எதெல்லாம் மின்ன வேண்டுமோ அதை மட்டும் முழுக் கறுப்பில் வரையுங்கள். நான் நடுவில் பெரிதாக 5 என்று போட்டு, சுற்றிலும் தமிழ் எண் ௫ஐ வளையமாக ஓடவிடுவேன். கோடுகள் அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தமிழ் எழுத்தின் சுழிகள் சிறிய அளவில் ஃபாயிலால் அடைத்துக்கொள்ளும் என்பதால் தடித்த, சுழி அகன்ற எழுத்துருதான் சரி. வட்டம் முழுக்க மின்னவிட்டால் எதுவுமே எடுப்பாகத் தெரியாது. முக்கால் பங்கு மங்கலாக இருக்கட்டும்.

இதை வழுவழுப்பான கறுப்புத் தாளில் லேசர் பிரிண்டரில் அச்சிட வேண்டும். இங்க்ஜெட் உதவாது, ஏனென்றால் ஃபாயில் ஒட்டுவது சூட்டில் இளகும் டோனர் தூளில்தான். வீட்டில் லேசர் பிரிண்டர் இல்லையென்றால் சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் அச்சுக் கடைகள் இருக்கின்றன. தாளை நீங்களே கொண்டுபோய், உங்கள் தாளில் அச்சிட முடியுமா என்று முதலில் கேளுங்கள். டோனரில் ஒட்டும் ஃபாயில் என்று சொல்லி வாங்குங்கள், எல்லா ஃபாயிலும் ஒட்டாது.

தாளைச் சூட்டில் அழுத்தும் லேமினேட்டரை, தடித்த உறைக்கான 125 மைக்ரான் அளவுக்கு வைத்து நன்றாகச் சூடேறவிடுங்கள். ஃபாயிலின் மங்கலான பக்கம் அச்சின்மேல் படிய வேண்டும், தங்கப் பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். சுருக்கமில்லாமல் நீவி, பேக்கிங் தாளை மடித்து அதற்குள் வைத்து உள்ளே அனுப்புங்கள். வெளியே வந்ததும் அவசரப்படாதீர்கள். சூடு ஆறியபின் ஒரு மூலையிலிருந்து தாளோடு ஒட்டினாற்போல் மெல்ல உரியுங்கள். கறுப்பிலிருந்து தங்கக் கோடு ஒவ்வொன்றாக எழுந்து வரும் அந்தக் கணத்துக்காகவே இவ்வளவு வேலையும் செய்யலாம். புள்ளி புள்ளியாக விட்டுப்போயிருந்தால் அதே ஃபாயிலின் புதிய பகுதியை வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள்.

மேலே மெல்லிய பளபளப்பான ஒட்டும் ஃபிலிம், பின்னால் இரட்டைப் பக்க ஒட்டுத்தாள். மேட் ஃபிலிம் மினுக்கைக் கொன்றுவிடும். பிறகு வட்டமாக வெட்டும் பஞ்ச் கருவியால் வெட்டுங்கள். சில்லின் பள்ளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் ஒட்டுங்கள். நம்மூர் ஈரப்பதத்தில் தாள் சுருளும், ஆகவே ஏர்கான் அறையில் ஒட்டி, கனமான புத்தகத்தின் அடியில் ஒருநாள் வையுங்கள்.

வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் ஆடுவதை சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டு சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. அதைத் தொழிலாக நடத்தி யாரும் கமிஷன் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்டிக்கர் ஒட்டிய சில்லைத் துடைக்கும்போது ஆல்கஹால் வேண்டாம், ஈரம் பிழிந்த துணி போதும். ஆட்ட மேசையில் முறுக்குத் தட்டை வைக்காதீர்கள். எண்ணெய் விரல் பட்டால் ஃபிலிமின் விளிம்பு கிளம்பிவிடும்.