பிள்ளை பார்த்த அக்காவுக்கு நற்சான்றுக் கடிதமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

“நல்லவர், நேர்மையானவர், பொறுப்பானவர்.” எங்கள் வீட்டில் பிள்ளை பார்த்த அக்காவுக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். மூன்று வருஷம் நாலு மாதம் என் மகளைத் தூக்கி வளர்த்தவர். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவர் வேறு வீடு பார்க்க வேண்டியதாகிவிட்டது. கே.கே. நகரில் ஒரு வீட்டில் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு போன் செய்தார்கள். “எல்லாம் சரிங்க, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா இவங்க என்ன செய்வாங்க?” பதில் எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் கடிதத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அன்று ராத்திரியே திரும்ப எழுதினேன்.

மகளுக்கு ஒன்றரை வயதில் ஒரு மதியம் காய்ச்சல் 102-ஐத் தாண்டிவிட்டது. நான் ஆபீஸில் இருந்தேன். அக்கா போன் பண்ணி, டாக்டர் சீட்டில் இருந்த மருந்தின் பெயரையும் அளவையும் வாசித்துக் காட்டி, நான் சரி என்று சொன்ன பிறகுதான் கொடுத்தார். சாயங்காலம் வந்து பார்த்தால், முந்தின நாள் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று வரி: 1.10-க்கு 102.4, 2.30-க்கு 100.8, 4 மணிக்கு 99.6. எட்டாவது வரை படித்தவர். இதை அப்படியே எழுதினேன். பாராட்டு வார்த்தைகளை எல்லாருக்கும் எழுதலாம், இந்தத் தாளை இவருக்கு மட்டும்தான் எழுத முடியும்.

அடுத்தது தேதி. எந்த மாதம் சேர்ந்தார், எப்போது நின்றார், சேரும்போது பிள்ளைக்கு என்ன வயது, தினமும் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ஏன் நிற்கிறார், எல்லாம் வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-லேயே தனி நல வாரியம் வந்துவிட்டது, இருந்தாலும் நியமன உத்தரவோ சம்பளச் சீட்டோ இவர்களில் பெரும்பாலானவர்கள் கையில் கிடையாது. மூன்று வருஷ உழைப்புக்கு இந்த ஒரு தாள்தான் சாட்சி.

நல்ல மனதோடு செய்கிற ஒரு தவறு உண்டு, எனக்கு ரொம்ப வருத்தம் தருவதும் அதுதான். “வீட்டு வேலை எல்லாம் இழுத்துப் போட்டுச் செய்வார்” என்று எழுதிவிடுகிறோம். புது வீட்டில் அதே சம்பளத்துக்குப் பாத்திரமும் துணியும் அவர் தலையில் விழும். பிள்ளை பார்த்தார் என்றால் பிள்ளை பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: குளிப்பாட்டியது, ஊட்டியது, திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுத்தது, தூங்க வைத்தது. “எங்கள் வீட்டில் ஒருத்தர் மாதிரி” என்பதும் வேண்டாம். வீட்டு ஆளுக்கு யார் நேரம் பார்த்து அனுப்புவார்கள்?

கணவர் குடிக்கிறார், கடன் இருக்கிறது, பாவம் உதவுங்கள் என்றெல்லாம் எழுதி, வேலைக்கான கடிதத்தை இரக்கம் கேட்கிற கடிதமாக்கிவிடாதீர்கள். சாதி, ஆதார் எண் இரண்டும் கூடவே கூடாது. சம்பளத்தை அவரைக் கேட்காமல் போடாதீர்கள், நீங்கள் குறைவாகக் கொடுத்திருந்தால் அடுத்த வீட்டிலும் பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

அதற்காகப் பொய்யும் எழுத வேண்டாம். எங்கள் அக்கா அலங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருபவர், மழை நாளில் அரை மணி நேரம் தாமதமாகும், ஆனால் கட்டாயம் போன் பண்ணிச் சொல்லிவிடுவார். சித்திரைத் திருவிழாவுக்கு 2 நாள் லீவு எடுப்பார், ஒரு வாரம் முன்னாடியே சொல்லிவிட்டு. இரண்டையும் எழுதினேன், இதைப் படித்துவிட்டு யாரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையின் பாதுகாப்பிலேயே உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அது வேறு, அதை அவரிடமே நேராகச் சொல்லிவிட்டு, கடிதம் தர முடியாது என்று சொல்லிவிடுங்கள். பாராட்டி எழுதிக் கொடுத்துவிட்டு, போனில் வேறு மாதிரி இழுத்துப் பேசுவதுதான் மோசம்.

அப்புறம், தமிழில் எழுதுங்கள். அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் எழுதி மடித்துக் கையில் கொடுத்தால், தன்னைப் பற்றி என்ன இருக்கிறதென்றே தெரியாமல் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு அலைவார். கையெழுத்துப் போடும் முன் வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்து முடித்ததும் அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பாப்பாவுக்கு டயப்பரை நிப்பாட்டிப் பழக்குனது நான்தானம்மா, அதைக் காணோமே” என்றார். ஒரு வரி சேர்த்தேன்.

கடைசிச் சம்பளத்தோடு கையிலேயே கொடுத்துவிடுங்கள், அப்புறம் தருகிறேன் என்றால் அது நடக்காது. கையெழுத்தும் போன் நம்பரும் போட்டு இரண்டு பிரதியாகக் கொடுங்கள், முதலில் போகிற வீட்டிலேயே ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.